காய்ச்சல் வந்தது வீட்டிலா, பனியன் கம்பெனியிலா? திருப்பூரின் நோய்க் கணக்கில் விடுபடுகிறவர்கள்!

`காய்ச்சலா? மெடிக்கல் ஷாப்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு கம்பெனிக்குப் போ. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு டாக்டரைப் பார்த்துக்கலாம்!'

திருப்பூரில் பல காய்ச்சல்களின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. ஒன்றரை ஷிப்ட் ஓடும் சீஸனில் ஓவர்லாக் மெஷினிலிருந்து ஒருவர் எழுந்து போனால், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கைமடிக்கும் வேலை நின்றுவிடும். அதனால் மாத்திரை, ஒரு டீ, மறுபடியும் மெஷின். நான்காவது நாள் எழுந்திருக்க முடியாமல் போனால்தான் ஆஸ்பத்திரி ஞாபகமே வரும்.

இதில் அவருடைய உடம்புக்கு என்ன ஆகிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் கவுன்டரில் முடிந்துபோன அந்தக் காய்ச்சல், அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத காய்ச்சலைத் தேடி அந்தத் தெருவுக்குக் கொசு மருந்து வராது. தொட்டியைத் திறந்து பார்க்கும் பணியாளரும் வரமாட்டார்.

`எவ்வளவு பேருக்கு டெங்குனு அரசாங்கத்துக்கு எப்படிங்க தெரியும்?' என்று நம்மில் பலரும் யோசித்திருப்போம். தெரிந்துகொள்ள ஒரு பெரிய ஏற்பாடே நாட்டில் இருக்கிறது. அது திருப்பூர் மாதிரி ஓர் ஊரில் எங்கெங்கே கோட்டைவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு காய்ச்சல், மூன்று படிவங்கள்

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் தொடங்கியது. அதன் அடித்தளம் மூன்று படிவங்கள். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர், `காய்ச்சல்', `வயிற்றுப்போக்கு', `மஞ்சள் காமாலை' என அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது `எஸ்' படிவம். டாக்டர் பார்த்து, `இது இந்த நோயாக இருக்கலாம்' என்று எழுதுவது `பி' படிவம். பரிசோதனைக்கூடம் ரத்தத்தையோ சளியையோ பார்த்து உறுதிசெய்தால் அது `எல்' படிவம்.

திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். முன்பெல்லாம் வாரம் முடிந்த பிறகு மொத்த எண்ணிக்கையைக் கூட்டி மேலே அனுப்புவார்கள். மாவட்டத்தில் இருப்பவர்கள் பார்ப்பதற்குள் அடுத்த வாரம் பாதி ஓடியிருக்கும். 2021 ஏப்ரல் 5 அன்று நாடு முழுவதும் இது `ஐ.ஹெச்.ஐ.பி' என்ற இணையதளத்துக்கு மாறியது. இப்போது வெறும் கூட்டுத்தொகை போவதில்லை. ஒவ்வொரு நோயாளியும் வயது, முகவரியோடு தனித்தனிப் பதிவாகவே ஏறுகிறார். 18 நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஏற்பாடு, 33 நோய்களைப் பார்க்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1939-லேயே மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் கீழ்தான், 2024 நவம்பரில் பாம்புக்கடியைக்கூட அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. எத்தனை பேரைப் பாம்பு கடிக்கிறது என்று தெரிந்தால்தானே, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து வைப்பது என்று முடிவு செய்ய முடியும்!

`எங்க தெருவுலயே பத்துப் பேருக்கு டெங்கு. ஊருக்கே பத்துனு சொல்றாங்களே?'

மழைக்காலத்தில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்களில் தவறாமல் வரும் சந்தேகம் இது. அரசு எண்ணிக்கையை மறைக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். மறைக்கிறார்களோ இல்லையோ, அதற்கு முன்பே இந்த வித்தியாசத்துக்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது.

தனியார் கிளினிக்கில் விரலில் குத்தியோ ஊசியில் எடுத்தோ, கார்டில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கால் மணி நேரத்தில் `பாசிட்டிவ்' என்கிறார்களே, அது ரேபிட் டெஸ்ட். தேசிய டெங்கு வழிகாட்டுதலின்படி அது மட்டும் பாசிட்டிவ் என்றால் `டெங்குவாக இருக்கலாம்' என்ற பட்டியலில்தான் சேரும். உறுதியான டெங்கு என்று எண்ண, எலைசா பரிசோதனை வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாள்களுக்குள் என்றால் என்.எஸ்.1 எலைசா. அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம் எலைசா.

நீங்கள் பார்ப்பது கார்டு கணக்கு. அரசு சொல்வது எலைசா கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை!

சரி, எண்ணிக்கை கூடினால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமா? அதுவும் அவ்வளவு நேரடியாக இல்லை. 2012-ல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு பாதிப்பு 12,826. இறந்தவர்கள் 66 பேர். 2017-ல் பாதிப்பு 23,294. இறந்தவர்கள் 65 பேர். பாதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, இறப்பு மட்டும் அதே அளவு. சிகிச்சை மேம்பட்டிருக்கலாம். முன்பு சோதிக்கப்படாமலே போன லேசான காய்ச்சல்கள் சோதனைக்கு வந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். ஒரு மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியதும் `நிர்வாகம் தோல்வி' என்று தலைப்பு போடும் எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. நன்றாகத் தேடும் மாவட்டத்தில்தான் நோய் அதிகம் கிடைக்கும்.

கொசு கடித்தது எங்கே?

இனி திருப்பூருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம்.

ஓர் உதாரணம். செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் தேனி மாவட்டம். இங்கே லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான். காய்ச்சலோடு ஆஸ்பத்திரி போகிறார். ரிசப்ஷனில் ஆதார் கேட்கிறார்கள், அதில் இருக்கும் முகவரியை அப்படியே டைப் செய்கிறார்கள். ரிசல்ட் பாசிட்டிவ். முகவரி தேனி என்பதால் அந்த கேஸ் தேனிக்குப் போகிறது. அங்கே சுகாதார ஆய்வாளர் வீடு தேடிப் போனால், அம்மாவும் அப்பாவும் ஆரோக்கியமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்! கொசு இருக்கும் லைன் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தம்பிக்கு இதே கதை நடந்தால், விலாசம் 2,000 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

விவரம் தெரிந்த ஊழியர் `இப்போ எங்க தங்கியிருக்கீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டால் இது சரியாகிவிடும். மாவட்டத்துக்கு மாவட்டம் தகவலை மாற்றிவிடவும் வழி இருக்கிறது. ஆனால், டெங்குவில் ஒவ்வொரு நாளும் முக்கியம். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

சரி, லைன் வீட்டு முகவரியைச் சரியாகவே எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. அந்த அக்கா காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் வெளியே வருவது இரவில். பகல் முழுக்க அவர் இருந்தது கம்பெனியில். அங்கேதான் கடித்ததோ என்னவோ! கம்பெனிப் பின்பக்கம் வெட்டவெளியில் கிடக்கும் பழைய டிரம், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் மழைநீர் தேங்கிய தார்ப்பாய்... ஏடிஸுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தொட்டி, குடம், ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு வரை பார்க்கிறார்கள். 100 வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதை `ஹவுஸ் இண்டெக்ஸ்' என்று பதிவு செய்கிறார்கள். பெயரிலேயே வீடு. ஒரு நோயாளியின் பதிவில் `வேலை செய்யும் இடம்' என்ற ஒரு வரியை முறையாகக் கேட்டு நிரப்பினால், வெவ்வேறு தெருவில் இருக்கும் ஐந்து காய்ச்சல்களும் ஒரே கம்பெனியின் ஐந்து காய்ச்சல்கள் என்று வெளிச்சத்துக்கு வரும். திருப்பூருக்கு இந்த ஒரு வரி, பத்து புகை மருந்து வண்டிகளுக்குச் சமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீபாவளி வேறு இருக்கிறது. போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே கிளம்பும் வாரம். அது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி, டெங்கு உச்சத்தில் இருக்கும் காலம். கடிபட்டு 4 முதல் 10 நாள்கள் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். ஆக, திருப்பூரில் வாங்கிய டெங்கு, மதுரை ஆஸ்பத்திரியிலோ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலோ வெளிப்படலாம். அந்த வாரம் திருப்பூரின் கணக்கு குறைந்தால் கொசு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது. ஆளே ஊரில் இல்லையே!

எத்தனை பேரில் எத்தனை பேர்?

நோய்க் கணக்கில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது நோயாளிகள். கீழே இருப்பது மக்கள்தொகை. மேலே உள்ள எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம். திருப்பூரில் சிக்கல் கீழே இருக்கிறது.

திருப்பூர் மாவட்டம் 2009 பிப்ரவரியில் உருவானது. அதற்குப் பிறகு எடுத்த ஒரே மக்கள்தொகைக் கணக்கு 2011-ல். அப்போது மாவட்டத்தில் 24,79,052 பேர். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. இடையில் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டுவிட்டது. இவ்வளவையும் தைத்தது 2011-ல் எண்ணப்பட்ட கைகள் மட்டும்தானா?

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு வார்டில் 100 பேருக்குக் காய்ச்சல். ஏட்டில் அந்த வார்டின் மக்கள்தொகை 10,000 என்றால், ஆயிரத்துக்கு 10 பேர். உண்மையில் 20,000 பேர் வசிக்கிறார்கள் என்றால் ஆயிரத்துக்கு 5 பேர்தான். அப்படியென்றால் நிலைமை நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், ஆரம்ப சுகாதார நிலையமும் இந்த மக்கள்தொகையை வைத்துத்தான் அமைகிறது. 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்று என்பது பொதுவான அளவுகோல். 10,000 பேருக்கென ஒதுக்கிய பணியாளர்கள் 20,000 பேரின் தொட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பாதித் தொட்டி திறக்கப்படாது.

இந்த எண்கள் வெறும் ஏட்டோடு நிற்பதில்லை என்பதைத் திருப்பூர் நன்றாகவே அறியும். 2021 ஜூனில் கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியபோது, பாதிப்பு அதிகம் என்று 11 மாவட்டங்களுக்கு மட்டும் தளர்வுகளைக் குறைத்தார்கள். அந்தப் பட்டியலில் கோவை, ஈரோட்டோடு திருப்பூரும் இருந்தது. வேறு மாவட்டங்களில் கதவு திறந்தபோதும், இங்கே பனியன் கம்பெனிகள் முழு வேகத்துக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்தின் நோய்க் கணக்கு, அந்த மாவட்டத்தின் சனிக்கிழமைச் சம்பளத்தையே தீர்மானித்த வாரங்கள் அவை.

பூட்டிய வீட்டில் பி.பி. பார்க்க முடியுமா?

காய்ச்சலையாவது உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் சத்தமில்லாமல் வருபவை. தமிழ்நாடு 2020-ல் எடுத்த `ஸ்டெப்ஸ்' ஆய்வில், பெரியவர்களில் 33.9 சதவிகிதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, 17.6 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அதைவிட அதிர்ச்சி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவிகிதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' இதற்கான பதில். வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தரும் திட்டம். 2023-24 `ஸ்டெப்ஸ்' ஆய்வில், கட்டுக்குள் இருப்பவர்கள் ரத்தக்கொதிப்பில் 17 சதவிகிதமாகவும் சர்க்கரையில் 16.7 சதவிகிதமாகவும் உயர்ந்தார்கள். ஆய்வு எடுத்ததால் குறை தெரிந்தது, மறுபடியும் எடுத்ததால் பலன் தெரிந்தது.

ஆனால், பகலில் வீடு தேடி வருபவருக்குத் திருப்பூரில் பல வீடுகளில் பூட்டுதான் வரவேற்பு. கணவன், மனைவி இருவருமே கம்பெனியில் இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடுபடுகிறார்கள் என்பதால்தான் 2024 ஜனவரியில் `தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதனை. பெரிய எக்ஸ்போர்ட் யூனிட்டில் இதை நடத்துவது சுலபம். பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன ஷெட்டுகள்தான் சவால். அவற்றில் பலவற்றுக்கு வாசலில் போர்டுகூட இருக்காது.

விடுதிப் பெண்கள் இன்னொரு இடைவெளி. தேசிய குடும்பநல ஆய்வு (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. அது வீடுகளில் எடுத்த ஆய்வு. மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் அந்த மாதிரியில் வரமாட்டார்கள்.

திங்கட்கிழமை மூச்சுத்திணறல்

பல்லடம், அவிநாசி, உடுமலைப் பக்கம் ஸ்பின்னிங் மில்களில் பஞ்சுத் தூசியோடு வாழ்பவர்களுக்கு வரக்கூடிய நுரையீரல் நோய் பிஸினோஸிஸ். இதற்கு ஒரு விசித்திர குணம். ஆரம்ப கட்டத்தில், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் குறைந்துவிடும். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் ஆய்வு செய்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், இந்தத் `திங்கட்கிழமை'யை வைத்துத்தான் நோயின் படிநிலைகளையே வகுத்தார்.

ஆக, ஒரு மில்லின் முதலுதவி அறை நோட்டில் `நெஞ்சு இறுக்கம், திங்கட்கிழமை' என்று தேதியோடு எழுதினாலே போதும், நோய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் பிஸினோஸிஸ் இருந்தது. தொழிலாளிக்கு அந்த நோய் இருப்பதாகத் தெரிந்தால், பார்க்கும் டாக்டரே தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 89-வது பிரிவு விதித்தது. ஆனால், டாக்டர் `என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்காவிட்டால் அது `ஆஸ்துமா' என்றோ `சளி' என்றோ முடிந்துவிடும்.

முதலுதவி நோட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயர் எழுதாத மாத்திரையைக் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்பினார்கள் என்பது அந்தப் பெண்கள் சொன்னது. என்ன மாத்திரை, யாருக்கு, எத்தனை முறை என்பதற்குப் பதிவே இல்லை. ஆடைத் தொழிலாளர்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டுவோம் என்று அப்போது அரசுத் தரப்பிலும் சொன்னார்கள். அந்த விஷயம் ஒரு கண்காணிப்புக் கணக்கிலிருந்து வெளியே வரவில்லை. செய்தியாளர்கள் போய்க் கேட்டதால்தான் வந்தது.

நீங்கள் சொன்னால்தான் எழுதுவார்கள்

உங்களுக்கோ, உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கோ காய்ச்சல் என்றால், மூன்று நாளைக்கு மேல் மெடிக்கல் ஷாப்பை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஆதாரை நீட்டும்போதே `இப்போ தங்கியிருக்கறது இங்க' என்று தெருப் பெயரோடு சொல்லுங்கள். என்ன வேலை, எந்தக் கம்பெனி என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று பேர் படுத்துவிட்டால் 104-க்கு அழைத்துத் தகவல் சொல்லலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய் உறுதியானால் `நிக்‌ஷய்' எண் ஒன்று தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியாவில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டி மாத்திரையைத் தொடரலாம். ஹோலிக்குப் பாட்னா போகும் தம்பிக்கும் இது பொருந்தும். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாததால் இதை இழப்பவர்களும் உண்டு. கம்பெனி சூப்பர்வைசர்கள் இதில் கொஞ்சம் உதவலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரிக்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி, கம்பெனிகள் ஓட ஆரம்பித்திருக்கும் மாதம். லைன் வீட்டு ஓனர்களே, கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது பின்னால் இருக்கும் எட்டு போர்ஷனையும் காட்டிவிடுங்கள்!